முழுகாமல் இருக்கிறோமா? வீட்டிலேயே பார்க்கும் முறை

'முழுகாம இருக்கா' என்றாலே நெல்லைப் பக்கம் விஷயம் புரிந்துவிடும். தலைக்குக் குளிக்கும் நாள் இந்த மாதம் வரவில்லை என்பதுதான் அந்தச் சொல். கர்ப்பத்தின் முதல் அடையாளமும் அதுவே. மசக்கையெல்லாம் பெரும்பாலும் பிறகுதான்.

முதலில் காலண்டரை எடுங்கள். கடைசி மாதவிலக்கு தொடங்கிய நாளில் வட்டம் போடுங்கள், நின்ற நாளில் அல்ல. நர்சம்மாவும் டாக்டரும் வாரக்கணக்கை அங்கிருந்துதான் எண்ணுவார்கள். 28 நாளுக்கு ஒருமுறை வருபவர் என்றால் 29ஆம் நாள் வர வேண்டும். வராவிட்டால் நாள் தள்ளியிருக்கிறது. அந்த நாளை ஒட்டி இரண்டு சொட்டு பட்டு நின்றுபோனால் 'வந்துவிட்டது' என்று கணக்கில் சேர்க்காதீர்கள். கரு பதியும்போதும் அப்படிப் படலாம்.

மார்பு கனத்து வலிக்கும், அடிக்கடி சிறுநீர் வரும், மத்தியானமே கண்ணைச் சொருகும். சில வாடைகள் ஆகாது. முக்கூடல், ஆலங்குளம் பக்கம் பீடி சுற்றுகிறவர்களுக்கு, வருடக்கணக்கில் மடியில் வைத்த தட்டின் தூள் வாடையே திடீரென்று குமட்டலாம். ஆனால் மார்பு வலி மாதவிலக்குக்கு முன்னும் வரும், அசதி ரத்தசோகையிலும் வரும். இவற்றை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம்.

அடுத்தது கர்ப்பம் பார்க்கும் கிட். மெடிக்கலில் கிடைக்கும், துணை சுகாதார நிலையத்தில் காசில்லாமலே பார்த்துச் சொல்வார்கள். முக்கி எடுக்கும் பட்டையைவிட, சொட்டுக்குழாயோடு வரும் அட்டை வகைதான் நல்லது. பட்டையைக் கோட்டுக்கு மேல் முக்கிவிட்டால் அது வீண்.

காலையில் எழுந்ததும் வரும் முதல் சிறுநீரைச் சுத்தமான, சோப்பு ஒட்டாத கிண்ணத்தில் பிடியுங்கள். அதற்கு முன் வயிறு நிறையத் தண்ணீர் குடித்தால் சிறுநீர் நீர்த்துப்போகும். உறையை அப்போதுதான் கிழிக்க வேண்டும். ஈரக்காற்று பட்டால் அட்டை கெடும். சமதளத்தில் வைத்து, எஸ் என்று போட்ட குழியில் உறையில் சொன்ன அளவு, பெரும்பாலும் 3 சொட்டு, விடுங்கள். 5 நிமிடத்தில் பாருங்கள்.

பலரும் தவறுவது இந்த இடத்தில்தான். சி பக்கம் கோடு விழாவிட்டால் கிட்டே பழுது, வேறு வாங்குங்கள். இரண்டு கோடு என்றால் கர்ப்பம். டி பக்கக் கோடு மங்கலாக இருந்தாலும், நேரத்துக்குள் நிறத்தோடு விழுந்தால் அதுவும் கோடுதான். ஒரே கோடு காட்டிய அட்டையை அரை மணி கழித்து மறுபடி எடுத்துப் பார்த்தால், காய்ந்த இடத்தில் சாம்பல் நிழல் ஒன்று தெரியலாம். அது கணக்கில்லை.

ஒரே கோடு வந்தும் மாதவிலக்கு வரவில்லையா? கருமுட்டை தாமதமாக வெளிவந்திருக்கலாம். கரு பதிந்த பிறகுதான் கிட் கண்டுபிடிக்கும் எச்.சி.ஜி. ஹார்மோன் சுரக்கும், தொடக்கத்தில் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை அது இரட்டிப்பாகும். அதனால் மறுநாளே பார்க்காமல் 3 நாள் பொறுத்துப் பாருங்கள். உப்பு, சர்க்கரை, பற்பசை கலந்து பார்ப்பதில் ஒன்றும் தெரியாது.

இரண்டு கோடு வந்ததும் தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் தொடங்குங்கள். 12 வாரத்துக்குள் நர்சம்மாவிடம் பதிந்து, கர்ப்பிணிகளுக்கு அரசு தரும் பதிவு எண்ணான பிக்மி எண் வாங்குங்கள். பிறப்புச் சான்றிதழுக்கும் அதைக் கேட்பார்கள். உடனே ஸ்கேனுக்கு ஓட வேண்டாம். இதயத்துடிப்பு தெரிய 6, 7 வாரமாவது ஆகும்.

ஆனால் கரு கருப்பைக்குள் தங்காமல் கருக்குழாயில் தங்கினாலும் கிட்டில் இரண்டு கோடுதான் விழும். அடிவயிற்றில் ஒரு பக்கம் குத்தும் வலி, ரத்தப்போக்கு, தலைசுற்றல், தோள்பட்டை வலி, இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று இருக்காதீர்கள். 108ஐக் கூப்பிட்டு பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்கோ அருகில் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கோ போய்விடுங்கள்.

பிறகு சேர்த்தது: கோயில் கொடைத் திருவிழாவுக்காக மாதவிலக்கைத் தள்ளிப்போட மாத்திரை போட்டவர்களுக்கு, நிறுத்திய இரண்டு மூன்று நாளில் மாதவிலக்கு வந்துவிடும். ஒரு வாரமாகியும் வராவிட்டால் கிட்டில் பாருங்கள். அந்த மாத்திரை கருத்தடை மாத்திரை அல்ல.

குழந்தைக்காகச் சிகிச்சையில் எச்.சி.ஜி. ஊசி போட்டவர்களுக்கு, கர்ப்பம் இல்லாமலே இரண்டு வாரம் வரை இரண்டு கோடு விழலாம். அவர்கள் டாக்டர் சொன்ன தேதியில் ரத்தப் பரிசோதனை செய்வதுதான் சரி.