பைத்தான் மெய்நிகர் சூழலில் லைப்ரரி நிறுவும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

லைப்ரரி நிறுவப்பட்டுவிட்டதாக, லைப்ரரிகளை நிறுவும் கருவியான பிப் அறிவித்த பிறகும், நிரலை இயக்கியவுடன் ‘மாட்யூல் நாட் ஃபவுண்ட்’ என்ற பிழை வந்து நிற்பதைப் பைத்தான் பழகும் பலரும் ஒருமுறையாவது கண்டிருப்பார்கள். பெரும்பாலும் அந்த லைப்ரரி அதே கணினியில் உள்ள வேறொரு பைத்தானுக்குள் போய்ச் சேர்ந்திருக்கும்.

2012இல் வெளிவந்த பைத்தான் 3.3 முதல் உடன்வரும் ‘வென்வ்’ என்ற கருவி மெய்நிகர் சூழலாக, அதாவது ஒரு திட்டத்துக்கான லைப்ரரிகளைத் தனியே வைக்கும் இடமாக, நமக்கு உருவாக்கித் தருவது ஒரு கோப்புறைதான். அதை ஆக்டிவேட் செய்யும்போது, கட்டளைகளைத் தேடும் பாதையின் முன்வரிசையில் அந்தக் கோப்புறை சேர்க்கப்படுகிறது. அதுவும் அந்த ஒரு டெர்மினலில் மட்டும். மறுநாள் புதிய டெர்மினலைத் திறந்து, ஆக்டிவேட் செய்ய மறந்து, நேரே பிப் கட்டளையை இடுவதே நான் அதிகம் பார்க்கும் தவறு. ‘பிப்’ என்று மட்டும் எழுதாமல் ‘பைத்தான் -எம் பிப் இன்ஸ்டால்’ என்று எழுதினால், நிரலை இயக்கும் அதே பைத்தானுக்குள் லைப்ரரி சேரும். உலாவியில் நிரல் எழுதி இயக்கும் ஜூப்பிட்டர் நோட்புக்கில் இந்தக் குழப்பம் இன்னும் கூடுதல்; அங்கே ஆச்சரியக்குறி இட்ட பிப் வேறொரு பைத்தானைத் தொடக்கூடும் என்பதால், சதவீதக்குறி இட்ட பிப்பையே பயன்படுத்த வேண்டும்.

2023இல் வந்த டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளம், தன் சொந்தப் பைத்தானில் பிப் கொண்டு எதையும் நிறுவ அனுமதிப்பதில்லை. இயங்குதளத்தின் கருவிகள் சில அந்தப் பைத்தானையே நம்பியிருப்பதால் வந்த தடை இது. இணையத்தில் கிடைக்கும் ‘பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்’ என்ற விருப்பத்தை ஒட்டித் தடையைத் தாண்டுவோர் உண்டு. என்ன நேரும் என்பதைப் பெயரிலேயே சொல்லும் விருப்பத்தை வேறு எங்கும் நான் கண்டதில்லை. மெய்நிகர் சூழலுக்குள் இருந்துகொண்டு பிப்புக்கு முன்னால், நிர்வாகி உரிமையில் இயக்கும் ‘சூடோ’ கட்டளையைச் சேர்ப்பதும் வேண்டாம். பெரும்பாலான லினக்ஸ் அமைப்புகளில் அது நம் பாதையைக் கைவிட்டு, இயங்குதளத்தின் பிப்பையே அழைத்துவிடும்.

பெயர்களும் ஏமாற்றும். நிரலில் ‘சிவி2’ என்று அழைப்பதை நிறுவ ‘ஓப்பன்சிவி-பைத்தான்’ என்றும், ‘பிஐஎல்’ என்பதற்குப் ‘பில்லோ’ என்றும் கேட்க வேண்டும். ஊகித்த பெயரில் நிறுவுவது ஆபத்து, ஏனெனில் புகழ்பெற்ற லைப்ரரிகளின் பெயரைச் சற்றே மாற்றித் தீநிரல்களைப் பதிவேற்றுவோர் இருக்கிறார்கள். நம் சொந்தக் கோப்புக்கே, கணக்கீட்டு லைப்ரரியான ‘நம்பை’யின் பெயரை வைத்துவிட்டு, உண்மையான நம்பை ஏன் வேலை செய்யவில்லை என்று தேடுவது தனிக்கதை.

சூழல் கோப்புறையை வேறிடத்துக்கு நகர்த்தவோ, நிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் ‘கிட்’ கருவியில் சேர்க்கவோ கூடாது. அதிலுள்ள கட்டளைக் கோப்புகளில் முழுப் பாதை எழுதப்பட்டிருப்பதால், இடம் மாறினால் அவை பழைய இடத்தையே தேடும். ‘பிப் ஃப்ரீஸ்’ தரும், நிறுவப்பட்ட லைப்ரரிகளின் பட்டியலை மட்டும் ‘ரிக்வயர்மென்ட்ஸ்’ கோப்பில் சேமித்துக் கிட்டில் வைத்துக்கொண்டு, புதிய இடத்தில் சூழலை மறுபடி உருவாக்கி, அந்தப் பட்டியலிலிருந்து நிறுவிக்கொள்ளலாம். ஃப்ரீஸ் இடும்போதும் சூழல் ஆக்டிவேட் ஆகியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையேல் கணினியில் உள்ள தொடர்பற்ற லைப்ரரிகளெல்லாம் அந்தப் பட்டியலில் ஏறிவிடும்.