கொதிக்கும் நீரின் குமிழிக்குள் என்ன இருக்கிறது?

பதினொன்றாம் வகுப்பு மாணவர்களிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். ‘காற்று’ என்பார்கள் சிலர். நன்றாகப் படிக்கிற பிள்ளைகள்தான் ‘ஹைட்ரஜனும் ஆக்சிஜனும்’ என்பார்கள்! H₂O என்ற வாய்பாட்டை மனப்பாடம் செய்ததால் வந்த வினை. உள்ளே இருப்பது நீராவிதான். சூடேற்றத் தொடங்கியதும் பாத்திரத்தின் உட்பக்கம் ஒட்டிக்கொள்ளும் பொடிக் குமிழிகள் வேறு. அவை நீரில் கரைந்திருந்த காற்று. 100 டிகிரியில் நீர் மூலக்கூறுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகிப் போகின்றனவே தவிர, எதுவும் உடைவதில்லை. உடைந்து ஹைட்ரஜன் வந்தால், பக்கத்தில் எரியும் அடுப்பு சும்மா இருக்குமா?

அடுத்த தவறுக்கு நம் பேச்சும் ஒரு காரணம். ‘ஐஸ் கரைந்துபோச்சு’ என்கிறோம். அது கரையவில்லை, உருகியது. உருக வெப்பம் போதும். கரைய இன்னொரு பொருள் வேண்டும். சமையல் உப்பு உருக சுமார் 801 டிகிரி செல்சியஸ் தேவை. கரையவோ ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீர் போதும். கரைந்தது தொலைந்துபோனதாக நினைக்கிறவர்களும் உண்டு. 100 கிராம் நீரில் 10 கிராம் சர்க்கரையைக் கலக்கித் தராசில் வையுங்கள். 110 கிராம்தான் காட்டும்.

மெழுகுவர்த்தியில் திரி மட்டுமே எரிகிறது, மெழுகு சும்மா உருகி வழிகிறது என்பது இன்னொன்று. எரிவது பெரும்பாலும் மெழுகின் ஆவி. ஊதி அணைத்த உடனே திரியிலிருந்து வெள்ளைப் புகை எழும். எரியும் தீக்குச்சியைத் திரியில் படாமல் அந்தப் புகையில் காட்டினால், சுடர் புகை வழியே கீழே தாவித் திரியைப் பற்றிக்கொள்ளும். (பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.) ஆங்கிலேய விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே 1860-61இல் சிறுவர்களுக்காக நடத்திய மெழுகுவர்த்திச் சொற்பொழிவுகளில் இதையும் செய்து காட்டினார்.

இதுவரை சொன்ன தவறுகளால் போவது மதிப்பெண் மட்டும்தான். கடைசித் தவறு அப்படியல்ல. நுரை பொங்கினால் நன்றாகச் சுத்தமாகும் என்று வினிகரையும் சமையல் சோடாவையும் கலக்கிறார்கள். அமிலமும் காரமும் ஒன்றையொன்று சமன் செய்துகொள்ள, மிஞ்சுவது பெரும்பாலும் உப்புத் தண்ணீர். சரி, இதில் ஆபத்தில்லை. ஆனால் இதே நினைப்பில் பிளீச்சுடன் கழிவறை கழுவும் அமிலத்தைச் சேர்த்தால் குளோரின் வாயு கிளம்பும், நுரையீரலையே புண்ணாக்கும். அம்மோனியா சேர்த்தாலும் நச்சு வாயுதான். லேபிளில் ‘சோடியம் ஹைப்போகுளோரைட்’ என்று கண்டால் அது பிளீச்தான்; தண்ணீரைத் தவிர வேறெதையும் அதில் கலக்காதீர்கள்.