ரோபோ தொலைநோக்கிகளை உலக வலையமைப்பில் இணைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரில் கல்லூரி மாணவர்களும், மென்பொருள் வேலையில் இருந்தபடியே வானியலில் ஆர்வம் கொண்டவர்களும் சேர்ந்து, கோலார் பக்கமோ கிருஷ்ணகிரி பக்கமோ ஒரு தோட்டத்தில் சிறிய தொலைநோக்கியை நிறுவி, அதை வெளிநாட்டுக் குழுக்களின் கருவிகளோடு இணைக்க முயல்வதை இப்போது அடிக்கடி காண்கிறேன். எங்கள் தலைமுறை தடுக்கி விழுந்த அதே இடங்களில்தான் அவர்களும் விழுகிறார்கள். வல ஏற்றத்தை (வானில் ஒரு பொருளின் கிழக்கு-மேற்கு இடத்தைச் சொல்லும் எண்) மணியில் தருவதா, பாகையில் தருவதா என்பது போன்ற குழப்பங்களை இங்கே விட்டுவிடுகிறேன். அவை முதல் இரவிலேயே தாமாக வெளிப்பட்டுவிடும். பல மாத உழைப்பை ஓசையில்லாமல் கெடுப்பவை வேறு.

தொலைவிலிருந்து இயக்குவதையும் தானாக இயங்குவதையும் ஒன்றென்று எண்ணுவது

லடாக்கின் ஹான்லேயில், ஏறத்தாழ 4,500 மீட்டர் உயரத்தில் உள்ள இரண்டு மீட்டர் இமாலயச் சந்திரா தொலைநோக்கியைப் பெங்களூருக்கு அருகிலுள்ள ஹொசகோட்டேயிலிருந்து இயக்குகிறார்கள். அங்கே திரையின் முன் ஒரு மனிதர் அமர்ந்திருக்கிறார். மேகம் வந்தால் அவர் முடிவெடுப்பார். அதே ஹான்லேயில் உள்ள 0.7 மீட்டர் குரோத் இந்தியா தொலைநோக்கி போன்ற ரோபோ கருவிகளில் அந்த முடிவை நிரல்தான் எடுக்க வேண்டும். மனிதர் செய்துவந்த சின்னஞ்சிறு தீர்மானங்களை எல்லாம் பட்டியலிடாமல் "ரோபோ" என்று பெயர் சூட்டிவிட்டால், வலையமைப்பின் மற்ற உறுப்பினர்கள் வராத படத்துக்காகக் காத்திருப்பார்கள்.

கூரையை மூடும் முடிவை இணையத்திடம் விடுவது

விடாதீர்கள். மழை உணர்வி கூரையோடு நேரடியாகப் பேச வேண்டும்.

நேரத்தை அலட்சியமாகக் குறிப்பது

எனக்கு இன்றும் எரிச்சலூட்டுவது இதுதான். பதினாறு அங்குலக் கண்ணாடிக்கும் குளிரூட்டிய கேமராவுக்கும் லட்சக்கணக்கில் செலவிட்டவர்கள், அந்தக் கேமராவை இயக்கும் கணினியின் கடிகாரத்தைத் திரும்பியும் பார்ப்பதில்லை. வலையமைப்பில் ஒரு நிலையத்தின் அளவீடு மற்றொன்றின் அளவீட்டோடு சேர்வது நேரத்தின் வழியாகத்தான்; நேரம் பிசகினால் படம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அதை மற்றவற்றோடு சேர்க்க முடியாது.

அறிமுகமான ஒரு மாணவர் குழு, தென்னாப்பிரிக்காவில் உள்ள ஒரு குழுவோடு சேர்ந்து, ஒரு புறக்கோள் தன் விண்மீனின் முன்னால் கடப்பதை மாறிமாறிப் பதிவு செய்துவந்தது. இங்கே பதிவான கடப்புகள் எல்லாம் ஏறத்தாழ இரண்டு நிமிடம் முந்தி வந்தன. கண்ணுக்குத் தெரியாத இன்னொரு கோள் இழுக்கிறது என்று கட்டுரையே எழுதத் தொடங்கிவிட்டார்கள். இங்கே தெரியும் கடப்புகளை மட்டும் தேர்ந்தெடுத்து இழுக்கும் கோள் எது என்று கேட்டதற்கு, குழுவின் தலைவர், "சார், எங்கள் கடிகாரம் இணையத்தோடு ஒத்திசைந்ததுதான்" என்றார். கணினியைத் திறந்து பார்த்தோம். தொலைநோக்கி இருந்த வளாகத்தின் ஃபயர்வால், நேரம் கேட்டுச் செல்லும் என்டிபி கோரிக்கைகளைத் தடுத்து வைத்திருந்தது. கடைசியாக ஒத்திசைந்து வாரங்கள் கடந்திருந்தன. சாதாரணக் கணினிக் கடிகாரத்தின் படிகம் பத்து லட்சத்தில் இருபது பங்கு பிசகினாலே நாளுக்கு ஏறத்தாழ 1.7 நொடி தவறும்.

அதோடு முடியவில்லை. வானியல் படங்களைச் சேமிக்கும் ஃபிட்ஸ் கோப்பில் பதிவாகும் நேரம், வேறு குறிப்பு இல்லாதவரை, ஷட்டர் திறந்த நேரத்தையே குறிக்கும். ஒரு நிமிட எக்ஸ்போஷருக்கு நடுநேரத்தைக் கணக்கிடாமல் அதையே எடுத்துக்கொண்டதால் 30 நொடி முந்தியது. அடுத்தது பெரியது: தென்னாப்பிரிக்கக் குழு சூரியக் குடும்பத்தின் நிறைமையத்துக்கு மாற்றிய ஜூலியன் நாளை (நாள்களைத் தொடர்ச்சியாக எண்ணும் வானியல் முறை) டிடிபி என்ற, அந்த நிறைமையத்துக்கான நேர அளவில் தந்திருந்தது; இவர்கள் நிறைமையத் திருத்தத்தை (பூமி நகர்வதால் ஒளி வந்துசேரும் நேரம் மாறுவதைச் சரிசெய்வது) செய்துவிட்டு, நேர அளவை உலகப் பொது நேரமான யுடிசியிலேயே விட்டிருந்தார்கள். 2017 முதல் இந்த இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு ஏறத்தாழ 69 நொடி. மூன்று பிழைகளும் ஒன்றையொன்று சமன் செய்யாமல் ஒரே பக்கம் சாய்ந்து, இல்லாத கோளை உண்டாக்கிவிட்டன. நிறைமையத் திருத்தத்தையும் மறந்திருந்தால் பிழை எட்டு நிமிடத்தைக்கூடத் தாண்டியிருக்கலாம், யாரேனும் உடனே சந்தேகப்பட்டிருப்பார்கள்; இந்த அளவில் இருந்ததால்தான் நம்பும்படி இருந்தது. இந்திய நேரத்தை யுடிசி என்று எழுதிவிடும் ஐந்தரை மணி நேரப் பிழையைவிட இரண்டு நிமிடப் பிழை ஆபத்தானது என்று நான் சொல்வது இதனால்தான்.

ஆகவே ஜிபிஎஸ் பெறுவியோடு கூடிய நேரச் சர்வரை நிலையத்திலேயே வையுங்கள். ஒவ்வொரு படத்தின் ஹெடரிலும் (கோப்பின் தொடக்கத்தில் உள்ள தகவல் பகுதி) தொடக்க நேரம், நடுநேரம், அந்தக் கணத்தில் கணினிக் கடிகாரத்தின் விலகல் ஆகிய மூன்றும் பதிவாக வேண்டும். விலகல் வரம்பைத் தாண்டினால் நிரல் படமெடுக்க மறுக்க வேண்டும். கோப்பு வட்டில் எழுதப்பட்ட நேரத்தைப் படமெடுத்த நேரமாகப் பதிவு செய்யும் கேமரா நிரல்களும் உண்டு. அதைக் கண்டறிய, சுற்றுப்பாதை துல்லியமாகத் தெரிந்த ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களையே படமெடுத்துப் பாருங்கள். வானில் அவை நொடிக்கு முப்பது, நாற்பது வில்நொடி (ஒரு வில்நொடி என்பது பாகையில் 3,600இல் ஒரு பங்கு) நகர்வதால், கால் நொடிப் பிழைகூடப் படத்தில் தெளிவாகத் தெரியும்.

இரவின் பெயரும் இதில் சேர்ந்ததே. யுடிசி நாள் நமக்கு அதிகாலை 5.30க்கு மாறுகிறது, சிலியில் இரவின் தொடக்கத்திலேயே மாறிவிடுகிறது, ஹவாயில் பிற்பகலில். யுடிசி நாளைக் கொண்டு கோப்புறைக்குப் பெயரிட்டால் ஒரே இரவு இரண்டாகப் பிளக்கும். அந்தந்த நிலையத்தில் இரவு தொடங்கிய மாலையின் தேதியையே கோப்புறைக்கு வைத்து, நேரத்தை யுடிசியில் எழுதுங்கள்.

ஃபில்டர்களின் பெயரை மட்டும் நம்புவது

ஒருவரின் சிவப்பு ஃபில்டர் ஜான்சன் கசின்ஸ் வகை, மற்றவருடையது ஸ்லோன் வகை. இரண்டும் உள்ளே விடும் ஒளிப்பட்டை வேறு; ஆனாலும் இரண்டுக்கும் கோப்பில் "சிவப்பு" என்றே பெயர். இரண்டு நிலையங்களின் ஒளிக்கோட்டை (விண்மீனின் ஒளி நேரத்தோடு மாறுவதைக் காட்டும் கோடு) ஒட்டும்போது நடுவில் ஒரு படிக்கட்டு தோன்றும். படத்தில் உள்ள மற்ற விண்மீன்களைக் கையா விண்கலத்தின் விண்மீன் பட்டியலோடு ஒப்பிட்டு, நிறத்துக்கேற்ற திருத்தத்தையும் சேர்த்து ஒவ்வொரு நிலையத்தையும் தனித்தனியே அளவுதிருத்தம் செய்த பின்னரே ஒட்டுங்கள்.

ஒரே வட்டாரத்தில் நிலையங்களை அடுக்குவது

கோலாரில் மேகம் என்றால் கிருஷ்ணகிரியிலும் பெரும்பாலும் மேகம்தான்.

எல்லாரும் ஒரே இடத்தைப் பார்ப்பது

2017 ஆகஸ்ட் 17 அன்று ஈர்ப்பலைக் கருவிகள் இரண்டு நியூட்ரான் விண்மீன்களின் மோதலைப் பதிவு செய்தபோது, தேட வேண்டிய பகுதி ஏறத்தாழ 28 சதுர பாகைக்குச் சுருங்கியிருந்தது. சுமார் 11 மணி நேரம் கழித்துச் சிலியின் ஸ்வோப் தொலைநோக்கி அந்த மோதலின் ஒளியை என்ஜிசி 4993 என்ற விண்மீன் மண்டலத்தில் கண்டது. அடுத்த ஒரு மணி நேரத்துக்குள் வேறு சில குழுக்களும் தாமாகவே அங்கு வந்து சேர்ந்தன. பகுதி சிறியது என்பதால் ஒருவர் பார்த்ததையே மற்றவரும் பார்த்தது அன்று இழப்பாகவில்லை. 2019 ஏப்ரல் 25 ஈர்ப்பலை நிகழ்வுக்கு வந்த, தேட வேண்டிய பகுதியைக் காட்டும் வரைபடமோ எட்டாயிரம் சதுர பாகைக்கு மேல் விரிந்தது. அப்படிப்பட்ட இரவில் ஒவ்வொரு நிலையத்தின் நிரலும் வரைபடத்தின் மிக அதிக வாய்ப்புள்ள கட்டத்திலிருந்தே தொடங்கினால், பத்துத் தொலைநோக்கிகள் ஒன்றின் வேலையையே செய்யும். எந்தக் கட்டத்தை யார் எடுத்துக்கொண்டார் என்பதைப் படமெடுப்பதற்கு முன்பே பொதுவில் அறிவிக்க வேண்டும். மேகத்தால் முடியாமல் போனால் அந்த உரிமையை நிரல் தானாகவே விட்டுக்கொடுக்க வேண்டும். எதுவும் தென்படாத கட்டத்தையும், எந்தப் பொலிவுவரை பார்த்தும் தென்படவில்லை என்ற எண்ணோடு பதிவேற்ற வேண்டும். அந்த எண் இல்லாவிட்டால் அடுத்த நிலையம் அதே கட்டத்தை மீண்டும் எடுக்கும்.