வீட்டுக்குள் காந்தாரி மிளகாய்: இலை மஞ்சளானால் எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

நம் குமரி மாவட்டத்தில் காந்தாரி மிளகாய்க்கு யாரும் பெரிதாக மெனக்கெடுவதில்லை. கிணற்றடியிலோ வாழை மூட்டிலோ பறவை போட்ட விதையில் முளைத்து, வருஷக்கணக்கில் காய்த்துக்கொண்டிருக்கும். சிக்கல் வருவது முற்றம் இல்லாதவர்களுக்குத்தான். நாகர்கோவிலில் மாடி வீட்டில் வாடகைக்கு இருப்பவர், மார்த்தாண்டத்தில் கடைக்கு மேலே குடியிருப்பவர் என்று பலரும் இப்போது ஜன்னலோரத்தில், ஒரு எல்இடி குழல்விளக்கின் கீழே, பையில் செடி வைக்கிறார்கள். தென்மேற்கு மழை, வடகிழக்கு மழை இரண்டும் நமக்கு உண்டு. ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கம் என்றால் காற்று வேறு. ஆகவே செடியை உள்ளே வைப்பதில் தப்பே இல்லை.

ஆனால் உள்ளே வைத்த செடி வாடினால், புதிதாக வளர்ப்பவர்கள் உடனே உரத்தைத்தான் தேடுகிறார்கள். என் அனுபவத்தில் உரக்குறை என்பது கடைசியாகச் சந்தேகப்பட வேண்டியவற்றில் ஒன்று. வேர், வெளிச்சம், தண்ணீரின் உப்பு, அப்புறம் சத்து, பூச்சி என்ற வரிசையில் பாருங்கள். முதல் மூன்றையும் சரிசெய்யப் பெரும்பாலும் காசே ஆகாது.

முதல் படி: பையைத் தூக்கிப் பாருங்கள்

தண்ணீர் ஊற்றியதும் பையை ஒருமுறை தூக்கி அதன் கனத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மறுபடி தூக்கும்போது கனம் நன்றாகக் குறைந்திருந்தால்தான் அடுத்த தண்ணீர். மேல்மண் காய்ந்திருப்பதை மட்டும் பார்த்து ஊற்றினால் ஏமாந்துபோவோம். கோகோபீட் (தென்னை நார்க்கழிவுத் தூள்) மேலே காய்ந்து வெளுத்திருக்கும், விரலை இரண்டு அங்குலம் உள்ளே விட்டால் பிழிந்தால் சொட்டும் ஈரம் இருக்கும்.

மண் ஈரமாக இருந்தும் செடி தலை தொங்கினால் வேர் அழுகத் தொடங்கியிருக்கலாம். பையின் ஓரத்தை மெல்ல விலக்கி ஒரு வேரை எடுத்துப் பாருங்கள். நல்ல வேர் வெள்ளையாக, விறைப்பாக இருக்கும். அழுகிய வேர் பழுப்பாகி, இரு விரலால் உருவினால் மேல்தோல் கழன்று உள்ளே நூல் போன்ற நரம்பு மட்டும் மிஞ்சும். ஒரு கெட்ட வாடையும் அடிக்கும். அப்படியென்றால் தண்ணீரை நிறுத்துங்கள், பையின் அடியில் கூடுதலாக நான்கைந்து துளை போடுங்கள், அடித்தட்டில் தேங்கும் தண்ணீரைக் கொட்டுங்கள். வேரில் பாதிக்கு மேல் போயிருந்தால் கெட்டதை வெட்டிவிட்டுப் புதுக் கலவையில் நடுங்கள், மேல்கிளைகளையும் கொஞ்சம் குறையுங்கள். மிச்சமிருக்கிற வேருக்குத் தாங்குகிற அளவு இலை இருந்தால் போதும்.

மழை மாதங்களில் வீட்டுக்குள்ளும் காற்றில் ஈரம் அதிகம், செடி உறிஞ்சுவது குறைவு. ஏப்ரலில் ஊற்றிய அளவை ஜூலையில் ஊற்றக் கூடாது.

இரண்டாம் படி: வெளிச்சம்

தண்டு மெலிந்து, கணுவுக்குக் கணு இடைவெளி கூடி, செடி ஜன்னல் பக்கமாகச் சாய்ந்தால் வெளிச்சம் போதவில்லை. விலை கூடிய ஊதா விளக்கெல்லாம் நாற்றுக்குத் தேவையில்லை. சாதாரண 20 வாட் வெள்ளை எல்இடி குழல்விளக்கை நுனியிலிருந்து 15 முதல் 20 சென்டிமீட்டர் உயரத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். செடி வளர வளர விளக்கையும் உயர்த்த வேண்டும். ஒரு நாளைக்கு 14 மணி நேரம் எரித்தால் 0.28 யூனிட், மாதத்துக்கு எட்டரை யூனிட்டுக்குள் அடங்கும். பூத்துக் காய்க்க ஒரு விளக்கு பற்றாது. இரண்டு விளக்கோடு ஜன்னல் வெயிலும் வேண்டும்.

மூன்றாம் படி: தண்ணீரும் உப்பும்

நம் மாவட்டத்தில் இதைத்தான் நான் அழுத்திச் சொல்வேன். கடலோர ஊர்களில் பல ஆழ்துளைக் கிணறுகளில் உப்புத் தண்ணீர். அதோடு, நாம் மலிவாக வாங்கும் கோகோபீட்டிலும் உப்பு இருக்கும். நன்றாகக் கழுவாத கட்டியில் சோடியமும் பொட்டாசியமும் மிகுதி. இரண்டும் சேர்ந்தால் இலை நுனி பழுப்பாகக் கருகும், பிறகு ஓரம் முழுக்கக் கருகும், பையின் மேல்மண்ணிலும் துளைகளைச் சுற்றியும் வெள்ளையாகப் படியும். இதைப் பார்த்துச் சத்துக்குறை என்று நினைத்து உரம் போட்டால் இன்னும் உப்பு சேரும், செடி இன்னும் கருகும்.

தீர்வு எளிது. மழைத் தண்ணீரை ஒரு டிரம்மில் பிடித்து வையுங்கள். முதல் மழையை விட்டுவிட்டு, கூரை கழுவிய பிறகு வருவதைப் பிடிக்க வேண்டும். டிரம்மைக் கொசு நுழையாதபடி மூடி வையுங்கள். பையின் கொள்ளளவைப்போல இரண்டு மடங்கு தண்ணீரை மெதுவாக ஊற்றி, அடியில் முழுக்க வடியவிடுங்கள். குளியலறைத் தரையில் வைத்துச் செய்தால் வசதி. பிறகு பை லேசாகும்வரை தண்ணீர் வேண்டாம். புதிதாக நடுபவர்கள் கோகோபீட்டை ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மூன்று முறையாவது கழுவிப் பிழிந்தபின், செம்மண், மண்புழு உரம் இரண்டோடும் சம அளவில் கலந்துகொண்டால் பாதித் தொல்லை ஆரம்பத்திலேயே தீரும்.

நான்காம் படி: மஞ்சள் எந்த இலையில்?

மேலே சொன்ன மூன்றும் சரியாக இருந்தால் இப்போது சத்தைப் பற்றி யோசிக்கலாம். மஞ்சள் அடியிலுள்ள பழைய இலையில் தொடங்குகிறதா, நுனியிலுள்ள புது இலையிலா என்று பாருங்கள். தழைச்சத்து (நைட்ரஜன்), மெக்னீசியம், சாம்பல்சத்து (பொட்டாசியம்) மூன்றையும் செடி பழைய இலையிலிருந்து எடுத்துப் புதுத் தளிருக்கு அனுப்பும், அதனால் குறை அடி இலையில் தெரியும். இரும்பும் கால்சியமும் அப்படி நகராது, குறை நுனியில் தெரியும்.

அடி இலை முழுதும் ஒரே சீராக வெளிறினால் தழைச்சத்து. ஒரு கைப்பிடி மண்புழு உரம் மேல்மண்ணில் கிளறிவிடுங்கள், அல்லது தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ள, கரையும் 19:19:19 உரத்தை லிட்டருக்கு 2 கிராம் கரைத்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொடுங்கள். கடலைப் புண்ணாக்குக் கரைசல் வெளியில் உள்ள செடிக்கு அருமையானது, ஆனால் வீட்டுக்குள் வேண்டாம். வாடையும் வரும், மண்ணில் சின்னக் கருப்பு ஈக்களும் பெருகும்.

அடி இலையில் நரம்பு பச்சையாக நிற்க, இடைப்பகுதி மட்டும் மஞ்சளானால் மெக்னீசியம். எப்சம் உப்பு (மெக்னீசியம் சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம் கலந்து இலையில் தெளிக்கலாம். அடி இலையின் ஓரம் மட்டும் தீய்ந்தாற்போல இருந்தால் சாம்பல்சத்துக் குறையாக இருக்கலாம். உப்பு படிந்தாலும் இதே தோற்றம்தான், ஆகவே மூன்றாம் படியை ஒருமுறை திரும்பச் செய்துவிட்டே முடிவெடுங்கள்.

நுனி இலையில் நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்பு. நம் மேற்குப் பக்கத்துச் செம்மண்ணில் இரும்புக்குப் பஞ்சமே இல்லை. வேர் ஈரத்தில் மூச்சடைத்தாலும், யாரோ சொன்னார்கள் என்று வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றி மண்ணின் காரத்தன்மையைக் கூட்டினாலும், இருக்கிற இரும்பைச் செடியால் எடுக்க முடியாமல் போகும். சுண்ணாம்பை விட்டுவிடுங்கள்.

தளிர் ஓரம் சுருங்கி வளைவது, காயின் அடி கறுத்து அமுங்குவது இரண்டும் கால்சியம் போய்ச் சேராததைக் காட்டும். காற்றோட்டமில்லாத ஈர அறையில் இலை நீராவி விடாது. அந்த ஓட்டத்தில்தான் கால்சியம் மேலே ஏறும். மேசை விசிறியைக் குறைந்த வேகத்தில் சில மணி நேரம் ஓடவிடுங்கள்.

ஐந்தாம் படி: இலையைத் திருப்புங்கள்

சுருட்டை என்றால் எல்லாரும் வைரஸ் என்று பயந்துவிடுகிறார்கள். ஓரம் மேல்நோக்கிச் சுருண்டால் பெரும்பாலும் இலைப்பேன். கீழ்நோக்கிக் கவிழ்ந்து, இலை ஒடுங்கி, அடிப்பக்கம் வெண்கல நிறத்தில் பளபளத்தால் மஞ்சள் சிலந்திப்பேன். இந்தப் பேன் வெறும் கண்ணுக்குத் தெரியாது. கைப்பேசிக் கேமராவில் ஒட்டும் மலிவான உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்று இருந்தால், நுனித் தளிரின் அடியில் ஊர்வது தெரியும்.

செடியை மாலையில் மொட்டை மாடிக்குக் கொண்டுபோய், வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லியோடு சில சொட்டுச் சோப்புக் கரைசல் கலந்து, இலையின் அடிப்பக்கம் நனையத் தெளியுங்கள். வாரம் ஒருமுறை, மூன்று வாரம். சிலந்திப்பேன் அடங்காவிட்டால் நனையும் கந்தகத்தூள் (தண்ணீரில் கலக்கும் வகை) லிட்டருக்கு 3 கிராம். வேப்பெண்ணெய் அடித்து இரண்டு வாரத்துக்குள் கந்தகம் அடிக்கக் கூடாது, இலை கருகிவிடும். கந்தகத்தை அறைக்குள் தெளிக்கவே வேண்டாம், காயையும் பறித்துவிட்டு அடியுங்கள்.

வெள்ளை ஈயும் இருந்து, மருந்தடித்த பிறகு வரும் புதுத் தளிரும் குட்டையாகி மஞ்சளோடியே சுருண்டால் அது வைரஸ்தான். மருந்து கிடையாது. பிடுங்கி மூடிய பையில் போட்டு அப்புறப்படுத்துங்கள், பக்கத்துச் செடிகளுக்குப் பரவ விடாதீர்கள். ஈயைப் பிடிக்க மஞ்சள் அட்டையில் ஆமணக்கெண்ணெய் தடவித் தொங்கவிடலாம்.

எதைச் செய்தாலும் ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். மஞ்சளான பழைய இலை திரும்பப் பச்சையாகாது, அதைப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம். அடுத்து விரியும் மூன்று நான்கு இலைகள் தெளிவாக வந்தால் செய்தது சரி. அதுவரை வேறு எதையும் ஊற்றாமல் இருங்கள்.