ஓங்கிய கையை இறக்குவது எப்படி?

பிள்ளையை இனி அடிப்பதில்லை என்று முடிவெடுப்பது எளிது; அந்த முடிவு பல வீடுகளில் மறுநாள் மாலைவரைகூடத் தாங்குவதில்லை. அடி என்பது நாம் யோசித்துத் தேர்ந்தெடுக்கும் தண்டனையாக இருப்பது அரிது. கோபம் முந்திக்கொண்டு கை எழுந்துவிடுகிறது. "உன் நல்லதுக்குத்தான்" என்ற நியாயம் அதற்குப் பிறகே வந்து சேர்கிறது. ஆகவே பிள்ளையைத் திருத்தும் வழியைத் தேடுவதற்கு முன், நம் கை எப்போது எழுகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு வாரத்துக்கு, கோபம் தலைக்கேறும் ஒவ்வொரு முறையும், அப்போதைய நேரத்தையும் நீங்கள் செய்துகொண்டிருந்த வேலையையும் மட்டும் ஒரு தாளில் குறித்து வையுங்கள். பிள்ளை செய்த குற்றத்தை எழுத வேண்டாம். நாள் முடிவின் களைப்பு, வெளியே புறப்படும் அவசரம், பிறர் பார்க்கிறார்களே என்ற கூச்சம் ஆகியவற்றில் ஒன்று அதில் திரும்பத் திரும்ப வரக்கூடும். காலையில் சிரித்துக்கொண்டே கடந்துபோன குறும்புக்கு இரவில் அடி விழுகிறதென்றால், அடிக்கான காரணம் குறும்பில் இல்லை.

கை எழும் கணத்தில் புதிதாக எதையும் யோசிக்க முடியாது; எனவே செய்ய வேண்டியதை அமைதியான நேரத்திலேயே பழகி வைத்திருக்க வேண்டும். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஓரடி விலகி, "எனக்குக் கோபமாக இருக்கிறது, கொஞ்ச நேரம் கழித்துப் பேசுகிறேன்" என்று சொன்னால் போதும். கைக்குழந்தை ஓயாமல் அழுது பொறுமை போகும்போது, அதைப் பாதுகாப்பான இடத்தில் மல்லாக்கப் படுக்கவைத்துவிட்டுச் சில நிமிடம் அப்பால் செல்லுங்கள். எக்காரணம் கொண்டும் குழந்தையைப் பிடித்து உலுக்கக் கூடாது. அதனால் மூளையில் இரத்தக்கசிவு ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம்.

கோபம் தணிந்த பிறகு, தவறோடு தொடர்புள்ள விளைவைப் பிள்ளையிடமே ஒப்படையுங்கள். நான்கு வயதுப் பையன் விளையாட்டாகப் பாலைக் கொட்டிவிட்டான் என்றால், துணியை அவன் கையில் கொடுத்து, அருகில் உட்கார்ந்து, சேர்ந்து துடையுங்கள். அவன் துடைத்தால் தரை இன்னும் பிசுபிசுக்கும். இருந்தாலும் கொட்டியதைத் துடைக்க வேண்டும் என்பது அவனுக்குப் புரிந்துவிடும். முதுகில் ஓர் அடி வாங்கியிருந்தால், அடுத்த முறை யாரும் பார்க்காதபோது கொட்ட வேண்டும் என்பதே புரிந்திருக்கும். தம்பியை அடித்ததற்காக அக்காவை அடிப்பதோ இன்னும் வேடிக்கை: எதைச் செய்யாதே என்கிறோமோ, அதையே செய்து காட்டுகிறோம். இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு இந்த விளக்கமெல்லாம் எட்டாது; பொருளையோ பிள்ளையையோ அங்கிருந்து அகற்றுவதே வழி. அடியை விட்டுவிட்டு, "உதவாக்கரை" என்று நாக்கால் அடிக்கத் தொடங்குவது மாற்றமே ஆகாது.

"அடியாத மாடு படியாது" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லக்கூடும். அடித்தவுடன் பிள்ளை அடங்குவது உண்மைதான், அதனால்தான் அடி பலிக்கிறது என்று தோன்றுகிறது. ஆனால் சுமார் 1,60,000 குழந்தைகளைப் பற்றிய 75 ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் வெளியான பகுப்பாய்வில், அடியோடு சேர்ந்து காணப்பட்டவை மூர்க்கமும் மனநலக் குறைவும் பெற்றோருடனான விரிசலும்தான். முரண்டு பிடிக்கும் பிள்ளைதானே அதிகம் அடி வாங்கும் என்ற எதிர்க்கேள்வி நியாயமானது. அதை வைத்துப் பார்த்தாலும், அடியால் பிள்ளை திருந்துகிறது என்பதற்கு அங்கே சான்று கிடைக்கவில்லை. 1979இல் உலகிலேயே முதலாவதாகப் பிள்ளைகளை அடிப்பதை முற்றாகத் தடைசெய்த சுவீடன், அச்செய்தியைப் பால் அட்டைப்பெட்டிகளில் அச்சிட்டது. பெற்றோரும் பிள்ளைகளும் ஒரே மேசையில் அமர்ந்து அதைப் படித்தார்கள். நீங்களும் "இந்த வீட்டில் யாரும் யாரையும் அடிப்பதில்லை" என்பதைப் பெரியவர்கள், பிள்ளைகள் அனைவரையும் உட்காரவைத்துச் சொல்லுங்கள். முதல் சில வாரங்களில் பிள்ளை உங்களைச் சோதித்துப் பார்க்கும். குறும்பு கூடவும் செய்யும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒருநாள் கை நீண்டுவிட்டால், அன்றைக்கே பிள்ளையின் உயரத்துக்குக் குனிந்து, "நான் அடித்தது தவறு" என்று சொல்லுங்கள். "ஆனால் நீயும்..." என்று தொடங்கும் அடுத்த வாக்கியத்தை வாய்க்குள்ளேயே நிறுத்திவிடுங்கள், பாலைக் கொட்டியதைப் பற்றி நாளைக்குப் பேசிக்கொள்ளலாம்.