திகில் படம் பார்த்துவிட்டு என்ன சொல்வது, எப்படிச் சொல்வது

"செம பயம்." "ஒண்ணுமே இல்ல, தூங்கிட்டேன்." ஒரே படத்துக்கு ஒரே நாளில் இந்த இரண்டு கருத்தும் வரும். சொன்ன இருவருமே உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் இன்று இரவு அந்தப் படத்தைப் போடலாமா என்று யோசிக்கிறவருக்கு இரண்டிலும் ஒரு தகவலும் இல்லை. அது எந்த மாதிரிப் பயம், படம் அதை எப்படி உண்டாக்குகிறது, நீங்கள் எந்த நிலையில் உட்கார்ந்து பார்த்தீர்கள் என்ற மூன்றும்தான் அவருக்கு வேண்டும். முடிச்சை அவிழ்க்காமலே இவற்றைப் பத்துப் பன்னிரண்டு வரியில் சொல்லிவிடலாம். அதற்கான வேலை படம் தொடங்கும் முன்பே தொடங்குகிறது.

பார்க்கிற இடத்தைச் சரிசெய்யுங்கள்

போன் ஸ்பீக்கரில் தாழ்ந்த உறுமல் ஒலி வரவே வராது. அவ்வளவு சின்ன ஸ்பீக்கருக்கு அந்தச் சக்தி இல்லை. திகில் படத்தில் வயிற்றைப் பிசைகிற உணர்வில் பெரும்பங்கு அந்த ஒலியால் வருவது. போனில்தான் பார்க்க முடியும் என்றால் காதை முழுக்க மூடும் ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள்.

டிவியில் பார்க்கிறவர்களின் புகார் வேறு: "பேசுறது கேக்கல, பேய் வந்தா மட்டும் வீடே அதிருது." ஆறு தடங்களாகக் கலந்த 5.1 ஒலியை டிவியின் இரண்டு ஸ்பீக்கர்களுக்குள் அடைக்கும்போது, நடு ஸ்பீக்கருக்கு என்று வைத்த வசனம் அமுங்கிப்போவது வழக்கம். ஆடியோ மெனுவில் ஸ்டீரியோ தனியாக இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் டிவி செட்டிங்கில் வசனத்தைத் தெளிவாக்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள்.

"படம் முழுக்க ஒரே இருட்டு" என்று ஒளிப்பதிவாளரைத் திட்டும் முன், திரையில் பிரதிபலிக்கிற டியூப்லைட்டை அணையுங்கள். முழு இருட்டில் கண் வலிக்கும் என்றால் டிவிக்குப் பின்னால் ஒரு சின்ன விளக்கு போதும். பிக்சர் மோடைச் சினிமாவுக்கு மாற்றுங்கள். அசைவை வழுவழுப்பாக்கும் மோஷன் வசதியை நிறுத்துங்கள். ஒவ்வொரு கம்பெனியும் அதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறது. வினாடிக்கு 24 ஃப்ரேமில் ஓடவேண்டிய படத்தின் நடுவே இல்லாத ஃப்ரேம்களைச் செருகி, அது பேயையும் சீரியல் மாமியார் மாதிரி நடக்கவைத்துவிடும். 'பிரம்மயுகம்' (2024) முழுக்கக் கறுப்பு வெள்ளையில் வந்த மலையாளப் படம். வெளிச்சமான ஹாலில் அதன் சாம்பல் சாயல்கள் எல்லாம் ஒரே கறுப்பாகக் கலந்துவிடும். அப்படிப் பார்த்துவிட்டு "விஷுவல் சுமார்" என்பது படத்துக்குச் செய்கிற அநியாயம்.

கருத்தின் முதல் வரி எப்போதும் இந்த விவரமாக இருக்கட்டும்: "வீட்டில், ஹெட்போனில், தமிழ் டப்பிங்கில், இரவு 11 மணிக்கு, தனியாக." டப்பிங்கா மூலமொழியா என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். திகில் நடிப்பில் மூச்சும் முணுமுணுப்பும் பாதி. டப்பிங்கில் முதலில் காணாமல் போவதும் அவைதான். நடுவில் நிறுத்திச் சாப்பிட்டுவிட்டு வந்தீர்களா? அதையும் எழுதுங்கள். ஏற்றிக்கொண்டுவந்த பதற்றம் பத்து நிமிட இடைவெளியில் சரிந்திருக்கும், அதற்குப் படம் பொறுப்பாகாது.

குறிப்பு எப்போது எடுப்பது

பார்க்கும்போது வேண்டாம். எழுதக் குனிகிற கணத்தில்தான் இயக்குநர் எதையாவது காட்டுவார். படம் முடிந்த அரை மணி நேரத்துக்குள் மூன்றே மூன்று இடங்களை எழுதுங்கள்: உடம்பு முதலில் எதிர்வினை காட்டிய இடம், மிக மோசமாகப் பயந்த இடம், கவனம் கலைந்து போனைத் தேடிய இடம். ஓடிடியில் என்றால் நிமிடக் கணக்கோடு.

த்ரில்லர் என்றால் இடைவேளையில் ஒரு வரி: இப்போதைக்கு யார்மேல் சந்தேகம், ஏன்? இந்த ஒரு வரி தங்கம் மாதிரி. படம் முடிந்தபின் "எனக்கு அப்பவே தெரியும்" என்று மனசு தானாகக் கதை கட்டிவிடும். இடைவேளை வரி இருந்தால் படம் உங்களை உண்மையிலேயே திசைதிருப்பியதா என்று அதுவே சொல்லும்.

எந்தப் பயம் என்று பெயர் வையுங்கள்

இதற்கு வெளியே போக வேண்டியதில்லை. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், அச்சம் பிறக்கும் இடங்களை நான்காக வகுக்கிறது: அணங்கு, விலங்கு, கள்வர், இறை. தெய்வம், பேய் போன்ற மனிதருக்கு மீறியவை அணங்கு. இறை என்றால் அரசன், நம்மேல் அதிகாரம் உள்ளவர். திகில் படங்களைப் பிரிக்க இதைவிடக் கூர்மையான கத்தி கிடைப்பது கடினம். பேய்ப் படம் அணங்கு, மிருகப் படம் விலங்கு, தொடர்கொலைப் படம் கள்வர் என்று மூன்று சுலபமாகப் பொருந்திவிடும். நான்காவதைத்தான் நாம் கவனிக்கத் தவறுகிறோம். 'பிரம்மயுகம்' வெளியே பார்த்தால் அணங்கு. ஆனால் பதினேழாம் நூற்றாண்டு மலபாரில், பாழடைந்த மனைக்குள் நுழைந்துவிட்ட பாணன் ஒருவனை வீட்டுத் தலைவர் வெளியே விடாமல் வைத்திருக்கும்போது நெஞ்சை அடைப்பது இறை தரும் அச்சம். "பேய் கம்மி" என்று ஏமாந்தவர்கள் அணங்கைத் தேடிப் போனவர்கள். "இது அதிகாரத்தைப் பற்றிய பயம்" என்று நீங்கள் ஒரு வரி எழுதியிருந்தால் அந்த ஏமாற்றமே வந்திருக்காது.

ரத்தமும் புழுவும் தருவது அச்சமே இல்லை, அருவருப்பு. அதைத் தனியாகச் சொல்லுங்கள். எத்தனை பேயானாலும் பார்ப்பவர் ஒரு ஊசிக் காட்சிக்கு எழுந்து போய்விடுவார். காமெடிப் பேய்ப் படத்தையும் தனியாக அளக்க வேண்டும். 'காஞ்சனா' (2011) கூட்டத்தோடு அலறிச் சிரிக்க எடுத்தது, 'மாயா' (2015) மெல்ல இறுக்குவது. முதலாவதற்குப் பயம் போதவில்லை என்றும் இரண்டாவதற்குச் சிரிப்பே இல்லை என்றும் மதிப்பெண் குறைப்பதில் அர்த்தமில்லை.

எப்படிப் பயமுறுத்துகிறது

இங்கேதான் நிதானம் வேண்டும், ஏனென்றால் திடுக்கிடுவதையே பயம் என்று எழுதிவிடுகிற தவறு எல்லோருக்கும் நேர்கிறது. பின்னால் யாராவது தகரத்தைப் போட்டால்கூட உடம்பு துள்ளும். 1942-இல் வந்த 'கேட் பீப்பிள்' படத்தில், இருட்டுத் தெருவில் ஒரு பெண்ணை ஏதோ பின்தொடர்கிறது என்று பார்ப்பவர் மூச்சைப் பிடித்திருக்கும்போது, சீறிக்கொண்டு ஒரு பேருந்து வந்து நிற்கும். தயாரிப்பாளர் வால் லூட்டனின் பெயரால் 'லூட்டன் பஸ்' என்றே அந்த உத்தி அழைக்கப்படுகிறது. அங்கே அந்தச் சத்தம் வேலைசெய்யக் காரணம், அதற்கு முன் இருந்த நீண்ட நடையும் நிசப்தமும். அந்த நடை இல்லாமல் சத்தத்தை மட்டும் எடுத்துக்கொண்ட படங்கள் நூற்றுக்கணக்கில் உண்டு.

ஆகவே இரண்டு சோதனைகள். மிக மோசமாகப் பயந்த காட்சியைச் சத்தத்தை முழுக்க நிறுத்திவிட்டு மறுபடி பாருங்கள். ஃப்ரேமே இன்னும் உறுத்தினால், அதாவது திறந்த கதவோ வெறிச்சோடிய மூலையோ கண்ணை இழுத்தால், பயம் படத்தில் இருக்கிறது. ஒன்றும் இல்லையென்றால் அதை ஒலிக்கலைஞர் தூக்கி நிறுத்தியிருக்கிறார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒலியை மட்டும் கேளுங்கள். இரண்டும் சேர்ந்து ஐந்து நிமிட வேலை. "பின்னணி இசை அருமை" என்ற தேய்ந்த வரிக்குப் பதில் எதை எழுதலாம் என்று அதற்குள் தெரிந்துவிடும்.

பதற்றத்துக்கு அளவுகோல் த்ரில்லர் இயக்குநர் ஹிட்ச்காக் சொன்ன குண்டு. மேசைக்கு அடியில் குண்டு இருப்பது யாருக்கும் தெரியாமல் அது வெடித்தால் பார்ப்பவருக்குப் பதினைந்து வினாடி அதிர்ச்சி. குண்டைப் பார்வையாளருக்கு முதலிலேயே காட்டிவிட்டு, மேசையில் இருப்பவர்களை வெட்டிக்கதை பேசவிட்டால் பதினைந்து நிமிடப் பதற்றம். நீங்கள் பார்த்த படம் குண்டை எப்போது காட்டுகிறது? இந்த ஒரு கேள்விக்குப் பதில் எழுதினால் உங்கள் கருத்தில் ஒரு பத்தி முடிந்தது.

த்ரில்லரின் கணக்கு

கொலைக் கதை நமக்குக் கலைத்துப்போட்டுத்தான் சொல்லப்படும். முடிந்தபின் நடந்தது நடந்த வரிசையில் ஐந்தாறு வரியாக எழுதிப் பாருங்கள், உங்களுக்காக மட்டும். உண்மையான ஓட்டை அப்போதுதான் தெரியும்: ஒருவரே ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருப்பார், அல்லது குற்றவாளிக்குத் தெரியவே வாய்ப்பில்லாத ஒரு தகவலின்மேல் திட்டம் நிற்கும். "அவன் ஏன் போலீசுக்குப் போன் பண்ணல?" என்பது பெரும்பாலும் ஓட்டை ஆகாது. பயந்தவன் முட்டாள்தனம் செய்வான். அந்தப் பயத்தைப் படம் நமக்கு ஏற்றியிருந்ததா என்றுதான் கேட்க வேண்டும்.

அடுத்து, படம் நேர்மையாக ஆடியதா? முடிவைத் தெரிந்துகொண்டு பின்னோக்கிப் பார்த்தால் குறைந்தது இரண்டு மூன்று தடயங்களாவது நம் கண்முன் இருந்திருக்க வேண்டும். கடைசி ரீலில் புதிதாக ஒருவரை இறக்கிக் குற்றவாளி என்றால், எத்தனை வேகமாக ஓடினாலும் அது ஏமாற்று. அதைத் தயங்காமல் எழுதலாம்.

முடிச்சைக் காப்பாற்றுவது

இதில் சறுக்குகிறவர்கள்தான் அதிகம், பெரும்பாலும் நல்ல எண்ணத்தோடு. முதல் கால்பங்குக்குள் நடப்பதை மட்டும் சொல்லலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மணி நேரப் படத்துக்கு முதல் அரை மணி. 'அந்த நாள்' (1954) கதாநாயகன் சுடப்படுவதில்தான் தொடங்குகிறது, ஆக அதைச் சொல்வதில் குற்றமில்லை. சுட்டது யார் என்பதை எழுபது வருடம் கழித்தும் சொல்லக்கூடாது. இன்றைக்குத்தான் அதை முதல்முறை பார்க்கப்போகிற ஒருவர் எப்போதும் இருப்பார்.

கதையைச் சொல்லாமலே முடிச்சை அவிழ்த்துவிடும் வரிகள் சில உண்டு. "கடைசி 20 நிமிஷம் மிரட்டல்" என்றால் அதுவரை நடப்பதை யாரும் நம்பமாட்டார்கள். "சின்ன ரோல்தான், ஆனா அவர் கலக்கியிருக்கார்" என்றால் கொலைகாரர் மாட்டிக்கொண்டார். "அப்படியே அந்தப் படம் மாதிரி" என்று முடிவுக்குப் பேர்போன இன்னொரு படத்தைச் சொன்னால் இரண்டு படமும் போச்சு. "ட்விஸ்ட் இருக்கு" என்பதுகூட ஒரு ஸ்பாய்லர்தான். "கடைசிவரை பிடிப்பு தளரவில்லை" என்று சொல்லிப் பழகுங்கள்.

முடிவைப் பற்றிப் பேசியே தீரவேண்டும் என்றால் டெலிகிராமில் எழுத்தை மறைக்கும் ஸ்பாய்லர் வசதியைப் பயன்படுத்துங்கள். மற்ற இடங்களில் முதல் வரியில் எச்சரிக்கை, பிறகு நிறைய வெற்று வரிகள், பிறகு விஷயம். முதல் இரண்டு வரி நோட்டிஃபிகேஷனிலேயே தெரிந்துவிடும் என்பதை மறக்காதீர்கள்.

எச்சரிக்கை தரவேண்டிய உள்ளடக்கம் வேறு. குழந்தைகள் மீதான வன்முறை, பாலியல் வன்முறை, தற்கொலை, வலிப்பு உள்ளவர்களுக்கு ஆகாத மின்னும் வெளிச்சம் ஆகியவை "உண்டு" என்று மட்டும் சொன்னால் போதும், யாருக்கு, எப்போது என்று வேண்டாம். 'ராட்சசன்' (2018) பார்க்கச் சொல்கிறவர்கள், பள்ளிச் சிறுமிகள் மீதான கொடூரம் அதில் உண்டு என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சான்றிதழையும் பாருங்கள். இப்போது யுஏ என்பது 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரிந்திருக்கிறது. வெறும் "யுஏ" என்று எழுதினால் பெற்றோருக்குப் பயனில்லை.

ஒரு மாதிரி

'யாவரும் நலம்' (2009) பற்றி இப்படி எழுதலாம்:

"வீட்டில், இரவில், இரண்டு பேராக, தமிழில். 13-ஆவது மாடியில் புது ஃப்ளாட்டுக்குக் குடிவரும் கூட்டுக்குடும்பம். பால் திரிகிறது, மாதவன் தனியாக ஏறினால் லிஃப்ட் நகர மறுக்கிறது. வீட்டுப் பெண்கள் பார்க்கும் டிவி சீரியலில் இவர்கள் வீட்டில் நடப்பதே நடக்கிறது. வகை: அணங்கு. திடுக்கிடல் குறைவு. பட்டப்பகலில், நிறையப் பேர் இருக்கும் வீட்டில் பயம் வருவதுதான் சிறப்பு. குண்டை இயக்குநர் விக்ரம் கே. குமார் சீக்கிரமே காட்டிவிடுகிறார்: ஒரு மணிக்குச் சீரியல் தொடங்கினால் நமக்கே கை சில்லிடும். பி.சி. ஸ்ரீராமின் கேமரா சாதாரண ஹாலையும் அன்னியமாக்குகிறது. பாடல்கள் வருமிடத்தில் இறுக்கம் தளர்கிறது. ரத்தமும் வன்முறையும் உண்டு."

கிட்டத்தட்ட எழுபது சொல். முடிவைப் பற்றி ஒரு எழுத்து இல்லை.

மதிப்பெண் போடுவதானால் அன்றிரவே போடாதீர்கள். மறுநாள் காலை, பயத்துக்கு ஒன்று, படத்துக்கு ஒன்று என இரண்டாகப் போடுங்கள். அரண்டுபோகவைத்த சுமாரான படமும் உண்டு, துளியும் பயமுறுத்தாத அருமையான படமும் உண்டு. ஒரு வாரம் கழித்தும் குளியலறை விளக்கைப் போட்டுவிட்டே உள்ளே போகிறீர்கள் என்றால், பழைய கருத்தின் கீழே தேதி போட்டு அதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.