பழைய ஆங்கிள்பாய்ஸ் 1227: ஸ்பிரிங்கில் கை வைக்கும் முன்

பல்பும் மூடியும் இருக்கும் தலையை, மூட்டுகள் கொண்ட கை ஒன்று ஸ்பிரிங்கின் பலத்தால் நிறுத்திய இடத்திலேயே தாங்கி நிற்கும் பிரிட்டிஷ் மேசை விளக்குதான் ஆங்கிள்பாய்ஸ் 1227. இப்படிப்பட்ட பழைய விளக்குகளைப் பழுதுபார்க்கப் புதிதாக இறங்குபவர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள் இவை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு வேலை பார்க்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும், அதை விட்டுவிடுவோம்.

தலை தொங்கினால் ஸ்பிரிங்கை வெட்டுவது

இதைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. நிறுத்திய இடத்தில் நிற்காமல் தலை மெல்ல இறங்கினால், ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்று முடிவுகட்டி இரண்டு சுற்றை வெட்டிவிடுகிறார்கள். இல்லையென்றால் ஹார்டுவேர் கடையில் அதே நீளத்தில் ஒன்றை வாங்கி மாட்டுகிறார்கள்.

ஜார்ஜ் கார்வர்டைன் கார் சஸ்பென்ஷனில் ஊறிய பிரிட்டிஷ் பொறியாளர். ஸ்பிரிங்கின் இழுவையும் கையின் எடையும் எந்தக் கோணத்திலும் சமமாக நிற்கும் அமைப்பை 1932-இல் உருவாக்கினார். இங்கிலாந்தின் ரெட்டிச்சில் ஸ்பிரிங் தயாரித்துவந்த ஹெர்பர்ட் டெர்ரி நிறுவனம் 1934-இல் நான்கு ஸ்பிரிங் கொண்ட 1208 மாடலையும், 1935-இல் வீட்டுக்கென்று மூன்று ஸ்பிரிங் கொண்ட 1227-ஐயும் கொண்டுவந்தது. அந்த ஸ்பிரிங்குகள் சுற்றும்போதே உள்ளிறுக்கம் கொடுக்கப்பட்டவை, அதாவது இழுக்காதபோதும் சுற்றுகள் ஒன்றையொன்று அழுத்தி நிற்பவை. நீளம் ஒன்றாக இருந்தால் போதாது. இறுக்கம் மாறினால் ஒரு கோணத்தில் நிற்கும் விளக்கு இன்னொரு கோணத்தில் சரியும்.

தொங்கலுக்கு முதலில் பல்பைச் சந்தேகப்படுங்கள். பழைய கண்ணாடி பல்ப் ஏறத்தாழ 30 கிராம். தடித்த அடிப்பகுதி கொண்ட எல்.இ.டி. பல்ப் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு கனக்கும். கண்ணாடிக் குடுவைக்குள் இழை தெரியும் எல்.இ.டி. பல்பை மாட்டிப் பாருங்கள். பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும். அடுத்து, யாராவது ஹோல்டரையோ மூடியையோ கனமானதாக மாற்றியிருக்கிறார்களா, கொக்கிகள் தம் துளையில் உட்கார்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள்.

இதற்குப் பிறகுதான் ஸ்பிரிங். தலையை எவ்வளவு உயரம் போகுமோ அவ்வளவு உயர்த்துங்கள். அப்போதுதான் இழுவை மிகக் குறைவு. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, கனமான நூல் கயிற்றைக் கொக்கியில் கோத்து இழுத்துக் கழற்றுங்கள். குறடு வேண்டாம்: கம்பியில் விழும் சிறு கீறலிலிருந்தே பின்னாளில் முறியும். கழற்றிய ஸ்பிரிங்கை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சுற்றுகள் ஒன்றையொன்று தொட்டு நின்றால் அது நல்ல ஸ்பிரிங். நடுவே வெளிச்சம் தெரிந்தால் யாரோ அளவுக்கு மீறி இழுத்திருக்கிறார்கள். அதே மாடலுக்கான மூன்றையும் ஒன்றாக மாற்றுங்கள்.

ஸ்பிரிங் இருக்கும்போதே தலையைக் கழற்றுவது

விளக்கின் கை விசுக்கென்று மேலே பாயும். முகத்தை அருகில் கொண்டுபோகாதீர்கள்.

மூட்டுகளுக்கு எண்ணெய்

மூடியின் சாய்வைப் பிடித்து நிறுத்துவது உராய்வு. எண்ணெய் விட்டால் வழுக்கும்.

ஒயரை இறுக்கி இழுப்பது

உலோக விளக்கு என்பதால் எர்த் உள்ள மூன்று கோர் ஒயர் கட்டாயம்; 0.75 சதுர மி.மீ. போதும். பழைய இரண்டு கோர் துணி ஒயரை அழகுக்காக விட்டுவைக்காதீர்கள். உள்ளே இருக்கும் ரப்பர் காய்ந்து உதிர்ந்திருக்கும். ஒவ்வொரு மூட்டிலும் கை முழுதாக மடங்கி விரிய வேண்டிய தளர்ச்சி விடுங்கள். இல்லாவிட்டால் ஒயர் அங்கேதான் அறுந்து உலோகத்தில் மின்சாரம் பாயும்.

புது பெயிண்ட்

அடிக்காதீர்கள். பழைய பூச்சோடு விளக்கின் மதிப்பும் போகும்.

ஸ்பிரிங் வைத்த எல்லாம் 1227 என்று நம்பி வாங்குவது

நார்வேயின் யாக் யாகோப்சன் உரிமம் பெற்று 1937-இல் வடிவமைத்த லக்ஸோ எல்-1 தனி விளக்கு. 1227-இன் அடிப்பீடம் சதுரப் படிக்கட்டு. மூன்று படி பழையது, இரண்டு படி பிந்தையது. மூன்று ஸ்பிரிங்கும் பீடத்தை ஒட்டியே இருக்கும். பணம் கொடுக்கும் முன் உலோகத்தில் டெர்ரி பெயர் பொறித்திருக்கிறதா என்று தேடுங்கள்.